இருவரும் இறங்கிய 36 நொடிகள்: வான்மோதல் தவிர்ப்புத் தர்க்கம் சோதிக்கப்படும் விதம் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

சேலத்தில் நான் பாடம் எடுக்கும் பொறியியல் கல்லூரியில் இறுதியாண்டு மாணவர்கள் நால்வர், விமானங்கள் வானில் மோதாமல் காக்கும் டிகாஸ் கருவியின் முடிவெடுக்கும் பகுதியை எளிய வடிவில் கணினியில் எழுதித் தங்கள் புராஜெக்டாகக் காட்டினார்கள். இரண்டு விமானங்களை எதிரெதிரே விட்டார்கள், குறுக்கே விட்டார்கள், ஒன்றை ஏறவும் மற்றதை இறங்கவும் விட்டார்கள்; எந்த ஓட்டத்திலும் மோதல் நிகழவில்லை. திரையில் எல்லா வரிகளும் பச்சையாக இருந்தன. "எதிரே வரும் விமானி கருவி சொன்னதைக் கேட்காவிட்டால் என்ன ஆகும்?" என்று கேட்டேன். "அவர் ஏன் சார் கேட்காமல் இருக்கப் போகிறார்?" என்றான் ஒருவன். அவர்கள் எழுதிய நிரலில் அந்தக் கேள்விக்கு ஒரு மாறிகூட இல்லை.

அந்த மாணவனைக் குறை சொல்வதற்கில்லை. உலகின் பெரிய பயணிகள் விமானங்களில் ஓடிய மெய்யான தர்க்கத்திலும் ஏறக்குறைய இதே இடத்தில்தான் ஓட்டை இருந்தது. அது 2002 ஜூலை 1 இரவு தெற்கு ஜெர்மனியின் யூபர்லிங்கன் நகருக்கு மேலே வெளிப்பட்டது. அந்த இரவையும், அதற்குப் பின் தர்க்கம் திருத்தப்பட்ட விதத்தையும், கரும்பலகையில் நாங்கள் போட்டுப் பார்த்த கணக்குகளையும் இங்கே எழுதுகிறேன்.

கருவி என்ன செய்கிறது

டிகாஸ் தரைக் கட்டுப்பாட்டை நம்பி இயங்குவதில்லை. ஒரு விமானம் 1030 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சுற்றியுள்ள விமானங்களின் டிரான்ஸ்பாண்டர்களை, அதாவது கேள்வி அலைக்குத் தானாகப் பதில் அனுப்பும் கருவிகளை, கேள்வி கேட்கிறது; அவை 1090 மெகாஹெர்ட்ஸில் பதில் தருகின்றன. பதில் வந்து சேர எடுத்த நேரத்திலிருந்து தொலைவும், பதிலுக்குள்ளேயே உயரமும் கிடைக்கின்றன. திசைக்கோணம் மட்டும் துல்லியமாகக் கிடைப்பதில்லை. அதனால்தான் டிகாஸ் இடம், வலம் திரும்பச் சொல்வதில்லை; ஏறு, இறங்கு, இருக்கும் வீதத்தை மாற்று என்று செங்குத்துத் திசையில் மட்டுமே பேசுகிறது.

எப்போது பேசுவது என்பதைத் தொலைவை வைத்து அது முடிவு செய்வதில்லை, நேரத்தை வைத்து முடிவு செய்கிறது. இடையிலுள்ள தொலைவை நெருங்கும் வேகத்தால் வகுத்தால் கிடைப்பது 'டாவ்'. 10 கடல் மைல் இடைவெளியில் இரு விமானங்கள் மணிக்கு 900 கடல் மைல் வேகத்தில் நெருங்கினால் டாவ் 40 நொடி. 1950-களில் பெண்டிக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் மோரல் முன்வைத்த இந்தக் கருத்தின் மேல்தான் கட்டிடம் முழுவதும் நிற்கிறது. 20,000 அடிக்கு மேல் பறக்கும்போது டாவ் 48 நொடிக்குக் கீழே வந்தால் டி.ஏ. எனப்படும் முன்னெச்சரிக்கையும், 35 நொடிக்குக் கீழே வந்தால் ஆர்.ஏ. எனப்படும் கட்டாய அறிவுரையும் எழும். தரையை நெருங்க நெருங்க இந்த அளவுகள் சுருங்கி, 1,000 அடிக்கும் 2,350 அடிக்கும் இடைப்பட்ட உயரத்தில் ஆர்.ஏ. வெறும் 15 நொடியாகிவிடும்.

இரண்டு விமானங்களிலும் டிகாஸ் இருந்தால், இரண்டும் தமக்குள் பேசி, ஒன்று ஏறுவதாகவும் மற்றது இறங்குவதாகவும் ஒப்புக்கொள்ளும். இருவரும் ஒரே நொடியில் ஒரே திசையைத் தேர்ந்தால், டிரான்ஸ்பாண்டரின் முகவரி எண் பெரிதாக உள்ள விமானம் தன் தேர்வை மாற்றிக்கொள்ளும். ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து ஓட்டுபவருக்கு இது புதிதல்ல. ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது வளைவில் சந்தித்த பிறகு பேசி எடுக்கும் முடிவல்ல, முன்கூட்டியே வகுத்த விதி. அந்த விதியை அறியாத ஒருவர், அல்லது அறிந்தும் வேறு ஒருவரின் கையசைப்பைப் பார்த்து நகரும் ஒருவர் எதிரே வரும்போதுதான் ஆபத்து.

அந்த இரவு

பாஷ்கோர்தொஸ்தானிலிருந்து பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பார்சிலோனா சென்ற டுபோலெவ் 154 விமானமும், இத்தாலியின் பெர்கமோவிலிருந்து பிரஸ்ஸல்ஸ் நோக்கிச் சென்ற போயிங் 757 சரக்கு விமானமும் 36,000 அடி உயரத்தில் ஒன்றையொன்று குறுக்கே கடக்கும் பாதையில் இருந்தன. சூரிச் கட்டுப்பாட்டு மையத்தில் அந்த நேரம் ஒருவர் மட்டுமே இரண்டு திரைகளைக் கவனித்துக்கொண்டிருந்தார். ரேடார் அமைப்பில் பராமரிப்பு வேலை நடந்ததால், மோதல் அபாயத்தைத் திரையில் காட்டும் எச்சரிக்கை இயங்கவில்லை. தொலைபேசி இணைப்பும் சரியாக இல்லை.

நேர வரிசை இப்படி. 21:34:42-க்கு இரு விமானங்களிலும் முன்னெச்சரிக்கை ஒலித்தது. ஏழு நொடி கழித்து, கட்டுப்பாட்டாளர் டுபோலெவை 35,000 அடிக்கு இறங்கச் சொன்னார். அவர்கள் இறங்கத் தொடங்கினார்கள். 21:34:56-க்கு டிகாஸ் டுபோலெவை ஏறவும் போயிங்கை இறங்கவும் சொன்னது. போயிங் இறங்கியது. டுபோலெவ் ஓட்டுநர் அறையில் கருவி ஏறச் சொல்வதை ஒருவர் சுட்டிக்காட்டியும், கட்டுப்பாட்டாளர் தம் ஆணையை மீண்டும் சொன்னதால் இறங்குவதே தொடர்ந்தது. 21:35:10-க்கு போயிங்குக்கு 'இன்னும் வேகமாக இறங்கு' என்றும், 21:35:24-க்கு டுபோலெவுக்கு 'இன்னும் வேகமாக ஏறு' என்றும் கருவிகள் கூவின. 21:35:32-க்கு 34,890 அடி உயரத்தில் இரண்டும் மோதின. 71 பேரும் இறந்தார்கள்.

இது முதல் எச்சரிக்கையும் அல்ல. 2001 ஜனவரி 31 அன்று ஜப்பானின் யைசு கடற்பகுதிக்கு மேலே, விமான எண்ணை மாற்றிச் சொல்லிவிட்ட கட்டுப்பாட்டாளரின் ஆணையை ஏற்று ஒரு 747 இறங்கியது. அதன் டிகாஸோ ஏறச் சொல்லிக்கொண்டிருந்தது. எதிரே வந்த டிசி-10 தன் கருவி சொன்னபடி இறங்கிக்கொண்டிருந்தது. கடைசி நொடியில் 747-இன் விமானி கண்ணால் பார்த்து மூக்கைக் கீழே தள்ளியதால் இரண்டு விமானங்களிலும் இருந்த 677 பேரும் உயிர் பிழைத்தார்கள். ஏறத்தாழ 100 பேர் காயமடைந்தார்கள். யூபர்லிங்கனுக்கும் அதற்கும் இடையே 17 மாதம்.

ஏன் திருப்பம் வரவில்லை

இரண்டு விமானங்களும் ஒரே திசையில் நகர்வதைக் கண்டால், ஒப்புக்கொண்ட ஏற்பாட்டைத் தலைகீழாக்கி, இறங்குபவரை ஏறச் சொல்லும் வசதி டிகாஸின் 7.0 பதிப்பிலேயே இருந்தது. ரிவர்சல் என்று அதைச் சொல்வார்கள்; இங்கே திருப்பம் என்கிறேன். அதற்கு முந்தைய 6.04ஏ பதிப்பில், டிகாஸ் இல்லாத விமானத்துக்கு எதிராக மட்டுமே இது அனுமதிக்கப்பட்டிருந்தது. யூபர்லிங்கனில் பறந்த இரண்டிலும் 7.0 தான் இருந்தது. ஆனாலும் 36 நொடிகளிலும் திருப்பம் எழவில்லை.

காரணம் மிக எளிமையானது, அதனாலேயே கண்ணில் படாதது. இரண்டு விமானங்களும் ஒரே உயரத்தை ஒட்டி, 100 அடிக்குள் ஒன்றையொன்று துரத்தியபடி இறங்கினால், 7.0 வைத்திருந்த நிபந்தனைகள் நிறைவேறாமலே போகும். திருப்பத்தைத் தூண்டும் விதிகள், எதிரி விமானம் நம்மைத் தெளிவாகக் கடந்து மறுபக்கம் வந்துவிட்டதா என்று பார்த்தன. 'அவர் தமக்குச் சொல்லப்பட்டதைச் செய்கிறாரா' என்று நேரடியாகக் கேட்கவில்லை. ஒருங்கிணைப்பு நடந்துவிட்டது, ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது, ஆகவே அவர் ஏறுவார் என்று தர்க்கம் எண்ணிக்கொண்டது.

இங்கே என்னை உறுத்துவது வேறொன்று. இந்தக் குறைபாடு விபத்துக்குப் பின் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. ஐரோப்பாவின் வான்போக்குவரத்து அமைப்பான யூரோகன்ட்ரோல் 'சிபி112' என்ற மாற்ற முன்மொழிவை விபத்துக்கு முன்பே வைத்திருந்தது. பின்னர் நடந்த அவர்களின் பகுப்பாய்வு, அந்த மாற்றம் அன்று கருவியில் இருந்திருந்தால் போயிங்குக்கு ஏறச் சொல்லும் திருப்பம் எழுந்திருக்கும் என்றும், அதை அவர்கள் பின்பற்றி, டுபோலெவ் இறங்குவதைத் தொடர்ந்திருந்தால் மோதல் தவிர்க்கப்பட்டிருக்கும் என்றும் சொன்னது. திருத்தம் 7.1 பதிப்பாகத் தரநிலை ஆவணத்தில் ஏறியது 2008-இல். ஐரோப்பாவில் ஏற்கெனவே பறந்துகொண்டிருந்த விமானங்களுக்கு அது கட்டாயமானது 2015 டிசம்பரில். பாதுகாப்புத் தர்க்கத்தில் ஒரு வரியை மாற்றுவதற்கு இவ்வளவு காலம் ஏன் என்று மாணவர்கள் சினந்தார்கள். அடுத்த கணக்கைப் போட்டுப் பார்த்தபின் சினம் சற்றுத் தணிந்தது.

கரும்பலகைக் கணக்கு

தர்க்கத்தை வடிவமைத்தவர்கள் விமானிக்கு ஒரு மாதிரி வைத்திருக்கிறார்கள். முதல் அறிவுரைக்கு அவர் 5 நொடியில் கையை அசைப்பார், 0.25 ஜி (ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம்) முடுக்கத்தில் நிமிடத்துக்கு 1,500 அடி வீதத்தை எட்டுவார். பின்னால் வரும் திருப்பத்துக்கு 2.5 நொடியும் 0.35 ஜியும். இந்த எண்களை வைத்து மேல் வானத்தின் 35 நொடியைக் கணக்கிட்டால், விமானம் தன் பாதையிலிருந்து ஏறத்தாழ 711 அடி விலகும். 20,000 முதல் 42,000 அடி வரை தர்க்கம் இலக்காகக் கொள்ளும் இடைவெளி 600 அடி. அதாவது எதிரே உள்ளவர் ஒன்றுமே செய்யாவிட்டாலும் போதும். ஆனால் விமானி 5 நொடிக்குப் பதில் 10 நொடி எடுத்தால் விலகல் 586 அடியாகி இலக்குக்குக் கீழே போய்விடும். ஐந்தே நொடி.

இப்போது யூபர்லிங்கனைப் போன்ற ஒரு துரத்தலை எடுத்துக்கொள்வோம். மெய்யான விமானங்களின் இறங்கு வீதம் மாறிக்கொண்டே இருந்தது. கணக்கை எளிமையாக்க இரண்டும் நிமிடத்துக்கு 1,500 அடியில் இறங்குவதாகக் கொண்டோம். மோதலுக்கு 22 நொடி முன்பு ஒன்றுக்கு ஏறச் சொல்லும் திருப்பம் வந்தால், சந்திக்கும் நேரத்தில் இடைவெளி 864 அடி. 12 நொடி முன்பு வந்தால் 364 அடி. 8 நொடி முன்பு வந்தால் 164 அடி. 6 நொடி முன்பு வந்தால் 69 அடி. கிடைமட்டத்தில் 500 அடிக்குள்ளும் செங்குத்தில் 100 அடிக்குள்ளும் வந்தாலே அதை மோதலுக்கு நிகராக எண்ணுவது இத்துறையின் வழக்கம், ஆகவே 69 அடி காப்பாற்றியதாகக் கணக்கில் வராது.

அப்படியானால் முடிந்தவரை சீக்கிரமே திருப்பத்தைக் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். ஒரு மாணவி அப்படித்தான் நிரலை மாற்றினாள்: அறிவுரை வந்து 4 நொடிக்குள் எதிரி விமானம் ஏறத் தொடங்கவில்லை என்றால் திருப்பு. முடிவு மோசமானது. மாதிரி விமானியே 5 நொடி எடுத்துக்கொள்பவர். அவர் நேர்மையாக ஏறத் தொடங்கும் நொடியில் நாமும் ஏறத் தொடங்கியிருப்போம். கருவி அவரையும் திருப்பி இறங்கச் சொல்லும். இருவரும் பாதி வழியில் மனம் மாறுவதில் விலைமதிப்பற்ற நொடிகள் போகும். தன் முதல் ஆணையின் விளைவைக் காணும்வரை பொறுக்காத தர்க்கம், நல்ல விமானிகளின் சந்திப்பையும் கெடுத்துவிடும்.

பொறுப்பதற்கும் எல்லை உண்டு. டிரான்ஸ்பாண்டர் உயரத்தை 25 அடிப் படிகளில் அனுப்பலாம். பழைய வகையாக இருந்தால் 100 அடிப் படி. விமானம் மெல்ல ஏறத் தொடங்கியதா, இன்னும் இறங்குகிறதா என்பது இந்தப் படிக்கட்டு எண்களுக்குள் சில நொடிகள் மறைந்திருக்கும். ஆக, திருப்பத்துக்கான நிபந்தனையை எழுதுவது என்பது, எதிரே உள்ளவர் சொன்னபடி செய்வார் என்ற நம்பிக்கையை எந்த நொடியில் கைவிடுவது என்று முடிவு செய்வதுதான். 7.1 பதிப்பு செய்த பெரிய மாற்றம், அந்தக் கேள்வியைத் தர்க்கத்துக்குள்ளேயே கொண்டுவந்தது. ஒருங்கிணைந்த சந்திப்பில் எதிரி தம் ஆணைக்கு இணங்குகிறாரா என்று அது கண்காணிக்கிறது. இணங்காதபோது, இணங்கிப் பறப்பவருக்குத் திருப்பம் தருகிறது. டிகாஸ் இல்லாத விமானம் நம்மோடு ஒரே திசையில் நகர்ந்தாலும் அதை உணர்ந்துகொள்கிறது.

சோதிப்பவர் எதைத் தேடுகிறார்

இப்படிப்பட்ட மாற்றத்தை விமானத்தில் ஏற்றிப் பறந்து பார்த்து உறுதி செய்ய முடியாது. மோதல்கள் அவ்வளவு அரிதானவை. ஆகவே ரேடார் பதிவுகளிலிருந்து மெய்யான சந்திப்புகளின் இயல்பைக் கற்ற மாதிரிகளைக் கட்டி, அவற்றிலிருந்து மிகப் பெரிய எண்ணிக்கையில் செயற்கைச் சந்திப்புகளை உருவாக்கிக் கணினியில் ஓட்டுகிறார்கள். கருவி இருக்கும்போது நேரும் மோதல் வாய்ப்பை, இல்லாதபோது நேரும் வாய்ப்பால் வகுத்தால் கிடைப்பது இடர் விகிதம். இதில் இரண்டு கூறுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்: கருவி தீர்க்கத் தவறிய மோதல்கள் ஒன்று, கருவி இல்லாவிட்டால் நேர்ந்திருக்காத, அதுவே வரவழைத்த மோதல்கள் இன்னொன்று. மொத்த விகிதம் இறங்கும்போதே இரண்டாவது கூறு ஏறக்கூடும். மாணவியின் 4 நொடி விதி செய்தது அதைத்தான்.

எவ்வளவு சந்திப்புகளை ஓட்டினாலும், விமானி மாதிரி ஒன்றே ஒன்றாக இருந்தால் யூபர்லிங்கன் அந்தக் குவியலில் அகப்படாது. மெதுவாகச் செயல்படுபவர், தேவைக்கு மேல் இழுப்பவர், எதுவுமே செய்யாதவர், எதிர்த்திசையில் போகிறவர் என எல்லோரையும் சந்திப்புகளுக்குள் விட வேண்டும். எதிர்த்திசைக்காரர் கற்பனை அல்ல. 7.0-இல் 'செங்குத்து வேகத்தைச் சரிசெய்' என்று ஒலிக்கும் ஓர் அறிவுரை இருந்தது. ஏறும் அல்லது இறங்கும் வீதத்தைக் குறை என்பது அதன் பொருள். வானில் நடந்தவற்றைக் கண்காணித்தபோது, சில விமானிகள் வீதத்தைக் கூட்டியது தெரியவந்தது. 7.1-இல் அதை நீக்கிவிட்டு 'சமநிலைக்கு வா' என்ற ஒரே சொல்லை வைத்தார்கள். நிரலைத் தொடாமல் சொல்லை மட்டும் மாற்றியதாக இது தோன்றலாம். ஆனால் பழைய அறிவுரை நிமிடத்துக்கு 2,000, 1,000, 500, 0 அடி என நான்கு அளவுகளில் வந்தது, புதியது 0 மட்டுமே. ஆகவே இதற்கும் சந்திப்புகள் அனைத்தையும் மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டியிருந்தது.

நம் நாட்டுக்கு இந்தக் கருவி வந்த கதை தனி. 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே சவுதி போயிங் 747-ம் கசாக் இல்யூஷின் 76-ம் மோதி 349 பேர் இறந்தபோது இரண்டு விமானங்களிலும் டிகாஸ் இல்லை. நீதிபதி லகோட்டி ஆணையத்தின் விசாரணைக்குப் பின் இந்திய வானில் அது கட்டாயமாக்கப்பட்டது. யூபர்லிங்கனில் இரண்டிலும் இருந்தது, இருந்தும் மோதின.

புதிய தலைமுறையான ஏகாஸ் எக்ஸ், கையால் எழுதிய விதிகளுக்குப் பதிலாக, விமானியின் தாமதத்தையும் ஐயத்தையும் நிகழ்தகவாகவே உள்ளிட்டு, ஒவ்வொரு நிலைக்கும் செலவு குறைந்த செயலைக் கணித்து அட்டவணையில் அடைத்து வைக்கிறது. பயணிகள் விமானங்களுக்கான அதன் தரநிலை 2018-இல் வெளிவந்தது. இங்கே சோதனை அட்டவணையோடு முடிவதில்லை. செலவுகளை எப்படி எடைபோட்டார்கள் என்பதையும் சோதிக்க வேண்டியிருக்கிறது.

ஜன்னலுக்கு வெளியே உள்ள மலை

எங்கள் ஆய்வகத்தின் ஜன்னலில் சேர்வராயன் மலை தெரியும். மாணவர்களின் நிரலில் தரை சமதளம். கடல்மட்டத்திலிருந்து 900 அடி என்று ஒரே வரியில் எழுதியிருந்தார்கள். சேலம் நகரத்துக்கு அது ஏறக்குறைய சரி. சேர்வராயன் உச்சியோ 5,326 அடி.

டிகாஸ் தன் உணர்திறனை, அதாவது எத்தனை நொடி முன்பு பேசுவது என்ற எல்லையை, தரைக்கு மேல் 2,350 அடிக்குள் வந்துவிட்டால் நேர் கீழே உள்ள தரைவரை அளக்கும் ரேடியோ உயரமானியை வைத்தும், அதற்கு மேலே காற்றழுத்தத்திலிருந்து கணிக்கும் அழுத்த உயரத்தை வைத்தும் தேர்ந்தெடுக்கிறது. ஒரு பயிற்சிக் கணக்காக 7,000 அடியில் ஒரு விமானத்தைச் சமவெளியிலிருந்து மலையை நோக்கி விட்டோம். சமவெளிக்கு மேலே ஆர்.ஏ. எல்லை 25 நொடி. மாதிரி விமானி அதற்குள் 461 அடி விலகுவார், அந்த உயரத்துக்கான 350 அடி இலக்குக்குத் தாராளம். ஏற்காடு ஊர் ஏறத்தாழ 4,970 அடி உயரத்தில் இருக்கிறது. அதன் மேலே வரும்போது ரேடியோ உயரம் 2,030 அடியாகிவிடும். உடனே எல்லை 15 நொடிக்குச் சுருங்கும். 15 நொடியில் விலகல் 211 அடி மட்டுமே. தர்க்கம் வைத்திருக்கும் இலக்குகளிலேயே மிகச் சிறியதான 300 அடியைக்கூட ஒருவரால் தனியாக எட்ட முடியாது. எதிரிலும் டிகாஸ் இருந்து அவரும் இணங்கினால்தான் 422 அடி. விமானம் தன் உயரத்தை ஓர் அடிகூட மாற்றவில்லை. கீழே தரைதான் எழுந்தது.

உச்சிக்கு மேலே இடைவெளி 1,674 அடி. அங்கிருந்து 224 அடி இறங்கினாலே 'இன்னும் வேகமாக இறங்கு' என்ற அறிவுரை தடைபடும், அதன் எல்லை 1,450 அடி. ஏறத்தாழ 1,100 அடிக்குக் கீழே 'இறங்கு' வராது. ஏறத்தாழ 1,000 அடிக்குக் கீழே ஆர்.ஏ. எதுவுமே எழாது. தரையில் மோதாமலிருக்க வைத்த இந்தத் தடைகள் சரியானவையே. ஆனால் இறங்கச் சொல்லப்பட்டவர் மலைச்சரிவின் மேல் பறந்துகொண்டிருந்தால், இறங்கும் வழி அடைபடும் நொடியும் திருப்பம் தேவைப்படும் நொடியும் ஒன்றாகவே வந்துவிடலாம். சமதளத் தரையில் ஓட்டிய எந்தச் சந்திப்பிலும் எங்களுக்கு இது தென்படவில்லை.

மாணவர்கள் அந்த 900 என்ற ஒற்றை வரியை அழித்துவிட்டு, சேலத்திலிருந்து ஏற்காடு வரையிலான உயரக்கோடுகளை நிலவரைபடத்திலிருந்து எடுத்து உள்ளிட்டார்கள். விமானி மாதிரியை நான்காக்கினார்கள். பழைய ஓட்டங்களை மறுபடி ஓட்டியபோது திரையில் சிவப்பு வரிகள் வரத் தொடங்கின. அவற்றில் எவை கருவி தீர்க்கத் தவறியவை, எவை நம் விதியே வரவழைத்தவை என்று ஒவ்வொன்றாகப் பிரிப்பதில் அந்தப் பருவத்தின் மிச்ச வாரங்கள் கழிந்தன.